மாப்பிள்ளை கைக்கு ஒரு மவுஸ்

"ஏதாவது ஒரு அசைவு காட்டேன்," என்று கண்ணாடிக்காரர் மவுஸைப் பார்த்துக் கெஞ்சினார்.

மவுஸ் மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. அதன் வயிற்றில் எரிய வேண்டிய சின்ன விளக்கு எரியவில்லை. ஹேர் டிரையரால் ஊதியாயிற்று, ஜன்னல் வெயிலில் காட்டியாயிற்று, முதுகில் இரண்டு தட்டு தட்டியும் பார்த்தாயிற்று. கடைசியில் அதைக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே தண்ணீர் 'களக்' என்றது.

புதுக் கண்ணாடியை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுதுங்க. அது என்னது, எலியா?"

"மவுஸும்மா."

"ரெண்டும் ஒண்ணுதானே? செத்துப்போச்சா?"

"போயிடுச்சும்மா," என்றார் கண்ணாடிக்காரர்.

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண் பரிசோதனை, லென்ஸ், ஃபிரேம் எல்லாம் அவர் கடையிலேயே. அந்த வட்டாரத்தில் பாதிப் பேர் உலகத்தைப் பார்ப்பதே தன் தயவில்தான் என்று அவருக்கு ஒரு பெருமை உண்டு. கடையில் அழுக்கேறிய கண்ணாடிகளைக் கழுவ ஒரு மெஷின் இருந்தது. சின்னத் தொட்டி, சுவிட்சைப் போட்டால் உள்ளே தண்ணீர் கிடுகிடுவென்று அதிரும், எப்பேர்ப்பட்ட எண்ணெய்ப் பிசுக்கும் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போகும். அன்று காலை அந்தத் தொட்டியில்தான் அவர் மாப்பிள்ளையின் மவுஸைக் குளிப்பாட்டினார்.

நல்ல எண்ணத்தில்தான்.

மகளும் மாப்பிள்ளையும் மாடியில் குடியிருந்தார்கள். எந்தச் சரக்கு லாரியை எங்கே அனுப்புவது என்று வீட்டிலிருந்தே போனில் ஏற்பாடு செய்வது மாப்பிள்ளையின் வேலை. அது முடிந்ததும் கம்ப்யூட்டரில் சுடுகிற கேம். வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. ஐந்து பேர் கொண்ட டீம். அதில் தூரத்து எதிரியை ஒரே குண்டில் சாய்க்கிற பொறுப்பு மாப்பிள்ளையுடையது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி.

மாமனாருக்கும் மருமகனுக்கும் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை போடுவதற்காவது நாலு வார்த்தை பேச வேண்டுமே! படிக்கட்டில் பார்த்தால், "சாப்பிட்டீங்களா மாமா?", "ஆச்சு மாப்பிள்ளை." அவ்வளவுதான் இரண்டு வருட உறவு. இதற்கு நடுவில் கண்ணாடிக்காரருக்கு ஒரு மனத்தாங்கல் வேறு. போன மாதம் பஸ் நிறுத்தத்தில் மாப்பிள்ளையைப் பார்த்து ஆசையாகக் கையைத் தூக்கினார். மாப்பிள்ளை பாட்டுக்கு அவரைத் தாண்டிப் போய்விட்டார். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அப்படியே தலையைச் சொறிந்துகொண்டார்.

"லாரி ஞாபகத்துல போயிருப்பாரு. விடுங்களேன்," என்றாள் மனைவி.

"லாரி ஞாபகத்துக்கு வருது, மாமனார் மட்டும் வரமாட்டேங்குதா?" என்றார் இவர்.

இந்த நிலையில் மகள் ஒரு வாரப் பயிற்சிக்காக வெளியூர் கிளம்பினாள். கிளம்பும்போது, "அப்பா, நான் திரும்பி வர்றதுக்குள்ள நீங்க அவர்கிட்ட சிரிச்சுப் பேசியிருக்கணும். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தூது போயே நான் இளைச்சுட்டேன்," என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை டிபன் சாப்பிடும்போது மாப்பிள்ளை தானாகவே வாயைத் திறந்தார். "மவுஸ் என்னமோ சரியில்ல மாமா. குறி தப்பிக்கிட்டே இருக்கு."

கண்ணாடிக்காரர் பழம் நழுவிப் பாலில் விழுந்ததாக நினைத்தார். அழுக்குத்தான் காரணமாக இருக்கும். அழுக்கு எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் ஏது? மாப்பிள்ளை குளிக்கப் போன நேரம் பார்த்து மவுஸை ஜேபியில் போட்டுக்கொண்டார். பளபளவென்று திரும்பி வந்து மேஜையில் உட்காரட்டும், யார் செய்தது என்று மாப்பிள்ளை வியக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது சொல்லிக்கொள்ள முடியாத நிலைமை.

* * *

கேம் சாமான்கள் விற்கிற கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. உள்ளே கல்லாவுக்குப் பின்னால் நாற்பதைத் தாண்டிய ஒரு அம்மாள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைத் திரையிலும் கையை மவுஸிலும் வைத்துக்கொண்டு யாரையோ சுட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் சார், இவனை முடிச்சுட்டு வந்துடறேன்," என்றார். முடித்தார். வந்தார்.

கண்ணாடிக்காரர் மவுஸை நீட்டினார். "இதே மாதிரி ஒண்ணு வேணும்."

அம்மாள் அதை வாங்கிச் சாய்த்தார். மேஜையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"என்ன சார் இது?"

"வேர்வை."

"இவ்வளவு வேர்வையா? யானையா விளையாடுச்சு?" என்ற அம்மாள் அதைத் துணியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "இந்த மாடலை நிறுத்தி ரொம்ப நாளாச்சு சார். நல்ல மவுஸ். இப்ப வர்றதுல இதைவிட நல்லதே இருக்கு. யாருக்கு?"

மருமகன் பொருளைத் திருடிக் குளிப்பாட்டிக் கொன்றேன் என்று முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது?

"எனக்குத்தான்," என்றார்.

அம்மாள் அவருடைய நரைத்த மீசையை மரியாதையோடு பார்த்தார். "பேஷ்! என்ன கேம்?"

"சுடற கேம்."

"கிட்டப் போய்ச் சுடுவீங்களா, தூரத்துல இருந்தா?"

"தூரத்துல இருந்துதான். கிட்டப் போனா திருப்பிச் சுட்டுடுவாங்களே."

"கையை நீட்டுங்க." அம்மாள் அவர் கையை அளந்தார். "பெரிய கை. எப்படிப் பிடிப்பீங்க? உள்ளங்கை முழுசாப் படியுமா, நண்டுப் பிடியா, இல்ல விரல் நுனியால மட்டுமா?"

"மனுஷப் பிடிதாம்மா."

அம்மாள் சிரிக்காமல் ஒரு மவுஸை எடுத்து வைத்தார். அதன் முதுகெல்லாம் தேன்கூடு மாதிரி ஓட்டை.

"இது என்ன, பூச்சி அரிச்சதா?"

"எடை குறையறதுக்காக ஓட்டை போட்டிருக்காங்க சார். கை வலிக்காது. இதுதான் கடையிலேயே விலை ஜாஸ்தி."

விலையைக் கேட்டதும் கண்ணாடிக்காரருக்குக் காது அடைத்தது. "ஏம்மா, சாமானைக் குறைச்சுக் குடுத்துட்டு விலையைக் கூட்டி வாங்கறீங்களே, இது என்ன நியாயம்?"

"நாங்க மட்டுமா சார்? இந்தக் கண்ணாடிக் கடைக்காரங்களைப் பாருங்க. ஃபிரேம் இருந்தா ஒரு விலை, ஃபிரேமே இல்லாத கண்ணாடின்னா அதைவிட ஜாஸ்தி. அவங்களைப் போய்க் கேப்பீங்களா?"

கண்ணாடிக்காரர் மவுஸின் ஓட்டைகளை எண்ண ஆரம்பித்தார். நேற்றுத்தான் அப்படி ஒன்றை விற்றிருந்தார். தன் தொழில் இன்னதென்று சொல்லலாம் என்று வந்த நினைப்பையும் அப்படியே விழுங்கிவிட்டார்.

அம்மாள் ஓட்டையில்லாத கறுப்பு மவுஸ்கள் இரண்டை எடுத்து முன்னால் வைத்தார். "இதைப் பிடிங்க... இப்ப இதைப் பிடிங்க. எது வசதியா இருக்கு? முதல்லதா, ரெண்டாவதா?"

இதே கேள்வியை ஆயுள் முழுக்க மற்றவர்களிடம் கேட்டு வந்தவர் அவர். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டால் ஜனங்கள் ஏன் திருதிருவென்று விழிக்கிறார்கள் என்பது அவருக்கு இன்றுதான் புரிந்தது.

"ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்கு," என்றார், அவருடைய வாடிக்கையாளர்கள் சொல்கிற அதே அசட்டுச் சிரிப்போடு.

கடைசியில் அம்மாளே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கட்டிக் கொடுத்தார். "உங்க கைக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கும் சார்."

* * *

மறுநாள் மாப்பிள்ளை குளியலறையில் பாட ஆரம்பித்ததும் கண்ணாடிக்காரர் மாடிக்குப் போனார். புது மவுஸை வைத்தார். கம்ப்யூட்டரில் செருக வேண்டிய நகமளவு துண்டையும் மறக்காமல் செருகினார். பாட்டு நிற்பதற்குள் படியிறங்கிவிட்டார். முந்தின நாள் மவுஸ் காணாமல் போனதற்கு மாமியார், "மாடி பெருக்கும்போது எங்கயாவது விழுந்திருக்கும்," என்று ஏற்கனவே சமாதானம் சொல்லியிருந்தாள். கணவர் செய்த காரியம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததிலிருந்து அவரை மேலும் கீழும் பார்ப்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாப்பிள்ளை இறங்கி வந்தார். தட்டின் முன்னால் உட்கார்ந்து தன் வலது கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அத்தை, என் கை சின்னதாயிட்ட மாதிரி இருக்கா?"

"கையா?"

"மவுஸ் கிடைச்சிடுச்சு. ஆனா கைக்கு அடங்கவே மாட்டேங்குது. குழந்தை கையில பலாப்பழத்தைக் குடுத்த மாதிரி இருக்கு."

"நேரத்துக்குச் சாப்பிடாம இருந்தா உடம்போட சேர்ந்து கையும்தான் இளைக்கும்," என்ற மாமியார் இன்னும் இரண்டு கரண்டி சோற்றை வைத்தாள்.

கண்ணாடிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மவுஸ் அவருடைய கைக்கல்லவா அளவெடுத்தது! மாப்பிள்ளையுடைய கைக்கு அல்லவே.

சரி, மாப்பிள்ளையின் கையை அளந்துவிட்டால் போயிற்று. மறுநாள் மதியம் மாப்பிள்ளை கீழே சோபாவில் கண் அசந்திருந்தார். ஒரு கை சோபாவுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரரின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்கேல் இருக்கும். இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளப்பதற்கானது. தரையில் மண்டி போட்டு, அந்தக் கையைப் பூப்போல எடுத்து, மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

மாப்பிள்ளை கண்ணைத் திறந்தார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"கை... கைரேகை பாத்துக்கிட்டிருந்தேன் மாப்பிள்ளை."

"ஸ்கேல் வச்சா?"

"வெறும் கண்ணால பாத்தா நம்ப முடியாது. கண்ணு ஏமாத்தும். நம்ம தொழில்ல அதுதான் பாலபாடம்."

மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் கவலை. "ஆயுள் ரேகை எப்படி இருக்கு?"

"பதினெட்டரை," என்றார் கண்ணாடிக்காரர், கணக்கு மறந்துவிடுமே என்ற பதற்றத்தில்.

"வருஷமா?"

"சென்டிமீட்டர்."

"அது நீளமா, குட்டையா மாமா?"

"மீடியம் சைஸ், மாப்பிள்ளை."

மாப்பிள்ளைக்கு அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. அன்று சாயங்காலம் ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு அவராகவே போன் செய்ததாக மாமியார் சொன்னாள்.

* * *

"பதினெட்டரையா?" என்றார் கேம் கடை அம்மாள். "முந்தாநாள் உங்க கை இருபத்தொண்ணு இருந்துதே சார்?"

"இது வேற கை."

"உங்களுக்கு எத்தனை கை சார்?"

கண்ணாடிக்காரர் இருமினார். அம்மாள் இரக்கப்பட்டு மேலே கேட்காமல், சின்னதாக, லேசாக, காற்றில் விட்டால் பறந்துபோகும் போலிருந்த கறுப்பு மவுஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "பிடி எப்படின்னு தெரிஞ்சா இன்னும் சரியாச் சொல்லுவேன்," என்றார். இவருக்குப் பொறுமை இல்லை. மாப்பிள்ளையின் சாயங்காலக் குளியல் பாட்டு முடிவதற்குள் மாடி ஏறி இறங்க வேண்டுமே.

அன்று மாப்பிள்ளை சாப்பிட வந்தபோது கையை ஒரு துண்டில் சுற்றியிருந்தார்.

"வீங்கிடுச்சு மாமா. நேத்து சுருங்கினது இன்னிக்கு வீங்கிடுச்சு. மவுஸ் விரலுக்குள்ளயே நிக்கல. இங்க அசைச்சா அங்க போய் நிக்குது."

"நேத்து நான் போட்ட ரெண்டு கரண்டிதான். உடம்புல ஒட்டியிருக்கு," என்றாள் மாமியார் திருப்தியோடு.

மாப்பிள்ளை டாக்டரிடம் போனார். டாக்டர் கையை மடக்கினார், நீட்டினார், தட்டினார், ஒன்றும் இல்லை என்றார். "ஒரு நாள் சுருங்கி ஒரு நாள் வீங்குதுங்கறேன், ஒண்ணும் இல்லைங்கறீங்களே!" என்று மாப்பிள்ளை மடக்கியதும், சும்மா அனுப்ப மனமில்லாமல் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கிக்கொண்டே இருக்கச் சொன்னார். மாப்பிள்ளை அமுக்கினார். லாரிக்காரர்களோடு பேசும்போதும் அமுக்கினார். பந்து 'பீச் பீச்' என்று கத்துகிற ரகம். தன் வண்டியில் கோழி ஏற்றியிருக்கிறார்களா என்று ஒரு டிரைவர் எதிர்முனையில் பயந்துபோய்க் கேட்டார்.

கண்ணாடிக்காரருக்குக் குற்ற உணர்ச்சி நெஞ்சைக் கரித்தது. இனி அரைகுறை வேலை கூடாது. பிடியை நேரில் பார்த்துவிட வேண்டும்.

"மாப்பிள்ளை," என்றார் மறுநாள் சாயங்காலம், மாடி வாசலில் நின்று. "நீங்க விளையாடறதைக் கொஞ்சம் பாக்கலாமா?"

மாப்பிள்ளைக்கு நம்ப முடியவில்லை. பரபரவென்று எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்க மாமா, வாங்க! இதெல்லாம் உங்களுக்குப் பிடிக்காதுன்னு நினைச்சேனே!"

பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாக விளக்கினார். இது நம் கோட்டை, அது அவர்கள் கோட்டை, இந்தக் கட்டிடத்து மொட்டை மாடிதான் என் இடம். சொல்லும்போது அவர் முகம் பள்ளிக்கூடத்துப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடிக்காரருக்கே வியப்பாக இருந்தது. இவ்வளவு பேசுவாரா இவர்?

ஆனால் அவர் வந்த காரியம் வேறு. ஆட்டம் தொடங்கியதும் திரையையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையின் முகத்தையும் பார்க்கவில்லை. கையை மட்டுமே பார்த்தார். மாப்பிள்ளை மேஜைமேல் கவிழ்ந்து, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்கு முன்னால் போனார். பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரருக்குக் கை மறைத்தது. அதனால் அவர் இன்னும் குனிந்து பார்த்தார். விரல்கள் வளைந்து நிற்கின்றன, உள்ளங்கையின் அடி மட்டும் படிகிறது. நண்டு! சந்தேகமே இல்லாத நண்டு!

அந்த நேரம் ஹெட்போனில் யாரோ அலறியது வெளியே வரைக்கும் கேட்டது. "டேய், அது நம்ம ஆளுடா!"

மாப்பிள்ளை சோர்ந்துபோய் ஹெட்போனைக் கழற்றினார். "பாத்தீங்களா மாமா? கை சொன்ன பேச்சையே கேக்க மாட்டேங்குது."

"எல்லாம் சரியாயிடும் மாப்பிள்ளை," என்று கண்ணாடிக்காரர் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார். இந்தத் தடவை அது அளவெடுப்பதற்காக இல்லை.

* * *

மூன்றாவது மவுஸ் கடையிலேயே சிறந்தது. பதினெட்டரை சென்டிமீட்டர் கைக்கும், நண்டுப் பிடிக்கும், தூரத்தில் சுடுவதற்கும் பொருத்தமாக அம்மாள் அரை மணி யோசித்து எடுத்துத் தந்தது. "இதுலயும் குறி தப்பினா நான் கடையை மூடிட்டுப் போயிடறேன் சார்," என்றார்.

குறி தப்பியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள். "அப்பா, அவர் நாளன்னைக்கு ஆடலையாம். கை போயிடுச்சாம். டீம்ல வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லப்போறாராம். கம்ப்யூட்டரையே வித்துடலாமான்னு கேக்கறாரு. குரலே சரியில்லப்பா. நீங்க கொஞ்சம் மேல போய்ப் பாருங்களேன்."

கண்ணாடிக்காரர் போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அத்தனை நாளும் வாய் திறக்காதவள் இப்போது திறந்தாள்.

"போய்ச் சொல்லிடுங்க. மவுஸ் போனா போகுது. அந்தப் பிள்ளை கையே போயிடுச்சுன்னு நம்பிக்கிட்டு உக்காந்திருக்கு."

அவர் ஒரு தட்டை எடுத்தார். குளித்துச் செத்தது, கழற்றிக் கொண்டுவந்து ஒளித்துவைத்த இரண்டு, ஆக மூன்றையும் அதில் வைத்துக்கொண்டு மாடி ஏறினார். பலகாரத் தட்டு என்று நினைத்து மாப்பிள்ளை, "பசிக்கலை மாமா," என்றார்.

"திங்கற சாமான் இல்ல மாப்பிள்ளை. நல்லாப் பாருங்க."

மாப்பிள்ளை தட்டைக் கிட்டே வாங்கிப் பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்ததைப் பார்த்தார். "எல்லாம் ஒரே மாதிரி கறுப்பா இருக்கே. என்ன மாமா இது?"

கண்ணாடிக்காரர் ஒன்றுவிடாமல் சொன்னார். கழுவும் மெஷின், தன் கைக்கு எடுத்த அளவு, கைரேகை, நண்டு. சொல்லச் சொல்ல அவர் தலை தாழ்ந்துகொண்டே போனது. "தப்புதான் மாப்பிள்ளை. உங்களுக்கு ஒரு நல்லது செஞ்சு, அந்தச் சாக்குல நாலு வார்த்தை பேசலாம்னு நினைச்சேன். இப்படி ஆயிடுச்சு."

மாப்பிள்ளை கையிலிருந்த பந்து ஒரு தடவை 'பீச்' என்றது. அப்புறம் மாப்பிள்ளை சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"அப்ப என் கை சுருங்கலையா மாமா?"

"இல்ல மாப்பிள்ளை."

"வீங்கவும் இல்ல?"

"இல்லவே இல்ல."

"ஆயுள் ரேகை?"

"அதை நான் பாக்கவே இல்ல."

மாப்பிள்ளை ரப்பர் பந்தைத் தூக்கி மூலையில் எறிந்தார். "நீங்க என்கிட்ட பேசமாட்டீங்கன்னு நினைச்சு நான் ஒதுங்கிப் போனேன் மாமா. நீங்க எனக்காகக் கடைக்கு நடையா நடந்திருக்கீங்க! நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் போறோம். நானே கையில பிடிச்சுப் பாத்து ஒண்ணு எடுக்கறேன். ஞாயித்துக்கிழமை ஆடறோம்!"

'ஆடறோம்' என்றதில் கண்ணாடிக்காரர் குளிர்ந்துபோனார். கீழே இறங்கி வரும்போது இரண்டு படி தாவினார்.

* * *

சனிக்கிழமை காலை மாமனாரும் மருமகனும் தோளோடு தோள் உரசிக்கொண்டு கடைக்குள் நுழைந்தார்கள்.

"ஓகோ!" என்றார் அம்மாள். "அந்த இன்னொரு கை இவர்தானா?"

கண்ணாடிக்காரர் அசடு வழிந்தார். இப்போது அவர் பழைய ஆள் இல்லை. அவரே ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, "இது கொஞ்சம் கனம் மாப்பிள்ளை, நண்டுக்கு ஆகாது... இது லேசு, ஆனா முதுகு மேடா இருக்கு... இந்த ஓட்டையைப் பாத்துப் பயப்படாதீங்க, ஓட்டைக்குத்தான் விலையே..." என்று விளக்கம் சொன்னார். பரீட்சித்துப் பார்ப்பதற்கென்று கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மாப்பிள்ளை அதன்முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடித்துச் சுட்டார். அம்மாள் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று திரையைப் பார்த்தார்.

முதல் மவுஸ். தப்பியது. இரண்டாவது. தப்பியது. ஓட்டை போட்டது, ஓட்டை போடாதது, கனமானது, லேசானது, எல்லாம் தப்பின. கடையில் இருந்த மவுஸ் எல்லாம் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

மாப்பிள்ளையின் முகத்தில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"மாமா, ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க கழுவறதுக்கு முன்னாடியே இப்படித்தான். பழைய மவுஸ்லயும் கொஞ்ச நாளாவே குறி தப்பிக்கிட்டுத்தான் இருந்துது. உங்க மேல தப்பே இல்ல."

அப்படியானால் கைதான். பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது? பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமா? நரம்பு டாக்டரா, எலும்பு டாக்டரா? மாப்பிள்ளை ஒரு பெட்டியை எடுத்து முகத்தருகே வைத்துப் படிக்க ஆரம்பித்தார். கண்ணாடிக்காரர் அந்தப் பெட்டியைப் பிடித்திருந்த கையையே பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மாள் அவர் முழங்கையைத் தொட்டு ஓரமாக அழைத்துப் போனார்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. அவர் கையில ஒரு குறையும் இல்ல. இவ்வளவு நிதானமான கையை நான் பாத்ததே இல்ல."

"என்னம்மா சொல்றீங்க? ஒரு குண்டுகூடப் படலையே!"

"படாம என்ன? எல்லாம் பட்டுது. ஆளை விட்டுட்டு, பக்கத்துல நிக்கற தண்ணி டிரம்மை ஒவ்வொரு தடவையும் சரியா நடு நெத்தியில சுடறாரு."

"தண்ணி டிரம்முக்கு ஏதும்மா நெத்தி?"

அம்மாள் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

"அதைத்தான் சார் சொல்றேன். மவுஸை அப்புறம் வாங்கிக்கலாம், முதல்ல அவரைக் கூட்டிட்டுப் போய்க் கண்ணைக் காட்டுங்க. இந்தப் பக்கத்துல நல்ல கண்ணாடிக் கடை எதாவது உங்களுக்குத் தெரியுமா?"